ஆவுடைத்தாய் கவிழ்த்த பானக்காரம்

எனக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பது அகப்பையா அரிவாளா என்று பார்க்க மாட்டேன். எங்கள் தெருவில் எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்தும் ஒதுங்கிப் போகாத ஒரே ஆள் சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஹபீபுல்லா. பாவம், தென்காசிக்கு மாற்றலாகி வந்து ரெண்டு மாசம்தான் ஆகியிருந்தது. ஐம்பத்தொன்பதாம் வருசம், ஆடிச் செவ்வாய், காலை ஒன்பது மணிக்கு என் வீட்டு வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து நின்றார்.

"ஆவுடைத்தாயம்மா, ஒங்க வீட்டுக்காரர் கொண்டு வருத தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிக்கணும்னு தெருவுல சொல்லிக்கிட்டு வாரேன். நீங்களும் ஒரு வார்த்தை சொன்னா சனம் கேக்கும்."

கொதிக்க வைப்பதா! குற்றாலத்து அருவித் தண்ணீரையா! எனக்கு உச்சி மண்டையில் சுர்ரென்று ஏறியது.

என் புருசன் சுடலைக்கண்ணு மாட்டு வண்டியில் பீப்பாய் கட்டி, தினமும் குற்றாலம் போய்த் தண்ணீர் ஏற்றி வந்து எங்கள் ஆற்றோரத் தெருவில் வீடு வீடாக ஊற்றுகிறவர். மலை மேல் எத்தனையோ மூலிகையைத் தொட்டுக்கொண்டு விழுகிற தண்ணீர் அது. மதராஸிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஆள் ரயிலேறி வந்து அந்தத் தண்ணீரில் தலையைக் காட்டிவிட்டுப் போகிறான். அடுப்பில் ஏற்றினால் மூலிகைச் சத்தெல்லாம் ஆவியாகப் போய்விடும் என்பது எங்கள் தெருவில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். இந்த மனுசன் படித்தவர், அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர், அவருக்குத் தெரியவில்லை!

"இன்ஸ்பெட்டரையா, ஒமக்கு வேற சோலி இல்லையா? காய்ச்சக்காரனுக்கு மருந்தே அந்தத் தண்ணிதான். அதைப் போயி வெந்நி ஆக்கச் சொல்லுதீரு!"

அவர் கோபப்படவில்லை. பைக்குள்ளிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். "இந்தத் தெருவுல ஒம்பது வீட்டுல காய்ச்சல். டைபாய்டு. ஒம்பது வீட்டுலயும் குடிக்கது ஒங்க வண்டித் தண்ணி. பின்னாலத் தெருவுல பள்ளிவாசல் கிணத்துத் தண்ணி குடிக்காங்க. அங்கன ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்ல. நான் வீடு வீடாப் போயிக் கேட்டுட்டுத்தான் வாரேன்."

"அப்படியா? நானும் அதே தண்ணிதான் குடிக்கேன். எங்க வீட்டுக்காரரும் அதே தண்ணிதான் குடிக்காரு. நாங்க படுத்தமா? எங்களப் பாத்தா காய்ச்சக்காரங்க மாதிரியா இருக்கு?"

அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அன்றைக்கு எப்படி இருப்பேன் தெரியுமா? ரெண்டு குடத்தை இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக வைத்துக்கொண்டு தெருவை ஒரே மூச்சில் கடப்பேன். இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் போகவில்லை. அவர் பார்வை என் பக்கத்து வீட்டின் மேல் நின்றது. அந்த வாசலில் வேப்பிலை சொருகியிருந்தது.

அது மாடத்தி வீடு. அவளுடைய ஒரே மகள் பேராச்சிக்கு எட்டு வயது. பிள்ளை இல்லாத எனக்கு அவள்தான் பிள்ளை. காலையில் கண் முழித்ததும் "அத்தை" என்று என் வீட்டுக்குள் வந்துதான் பல் விளக்குவாள். அவள் படுத்துப் பதினொரு நாள் ஆகிவிட்டது. காய்ச்சல் இறங்குவதாக இல்லை. வயிற்றில் நாலைந்து சிவப்புப் புள்ளி வேறு தெரிந்தது. அதைப் பார்த்ததும் தெரு முடிவு கட்டிவிட்டது, முப்பிடாதி அம்மன்தான் பிள்ளை மேல் இறங்கியிருக்கிறாள் என்று. அம்மன் வந்த உடம்புக்கு மருந்து காட்டக் கூடாது. அதனால்தான் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவை முன்கூட்டியே வைத்தார்கள். அன்றைக்கு மதியக் கொடை முடிந்து, அம்மன் மனம் குளிர்ந்து, பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் எதுவும். இன்ஸ்பெக்டர் மூன்று தடவை வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, இதற்கென்று குளிகை இருக்கிறது என்று கெஞ்சினார். மூன்று தடவையும் மாடத்தி கதவைச் சாத்திவிட்டாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவரை ஏசி அனுப்பியது யார்? நான்தான்.

"அருவித் தண்ணிய நான் குத்தம் சொல்லலம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "ஒங்க வீட்டுக்காரர் அதை எங்கன பிடிக்காருன்னு நீங்க பாத்திருக்கீங்களா?"

அவ்வளவுதான். என் புருசனைத் திருடன் என்கிறாரா இவர்! "வாரும்யா! இப்பவே வாரும்! ஒம்பதரை மணி பஸ்ஸுல போயிப் பாத்துருவோம். எங்க வீட்டுக்காரரு அருவித் தண்ணியப் பிடிக்கலைன்னா ஒம்ம சைக்கிள ஒரு வருசம் நானே தொடைச்சு வைக்கேன். பிடிச்சாருன்னா, இந்தத் தெருவுக்கு வந்து, ஆவுடைத்தாய் சொன்னதுதான் சரின்னு நீரு தமுக்கு அடிச்சுச் சொல்லணும். சம்மதமா?"

"சம்மதம்" என்று சொல்லிவிட்டார் மனுசன்! தெருவே கைதட்டியது. நான் சேலையை மாற்றிக்கூட உடுத்தவில்லை. கொடைக்கு முன்னால் திரும்பிவிட வேண்டுமே!

பஸ் பிதுங்கியது. சாரல் உள்ளே அடித்தது. நான் முன்னால், அவர் பின்னால். அதற்காக நான் சும்மா வருவேனா? அங்கிருந்தே சத்தம் போட்டுக் கேள்வி கேட்டேன், அவர் அங்கிருந்து பதில் சொன்னார். மேலகரம் தாண்டுவதற்குள் பஸ்ஸில் எல்லாருக்கும் சங்கதி தெரிந்துவிட்டது. அத்தனை பேரும் என் கட்சி! மதுரைக்காரர் ஒருவர், "அம்மா சொல்றதுதான் சரி, நான் வருசா வருசம் இந்தத் தண்ணிய ஜாடியில பிடிச்சு ஊருக்குக் கொண்டு போறேன்" என்றார். கண்டக்டர்கூட இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அப்போதே ஜெயித்த மாதிரி இருந்தது. இறங்கி, பேரருவிப் பக்கம் கையை வீசிக்கொண்டு நடந்தேன்.

அருவி அன்றைக்கு ஆங்காரமாக விழுந்துகொண்டிருந்தது. எண்ணெய் தேய்த்த உடம்பும் ஈர வேட்டியுமாக ஒரே சனம். எங்கள் வண்டியைக் காணோம். பாலத்துப் பக்கம் பார்த்தேன், அங்கேயும் காணோம். "கீழ பாப்போம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஆற்றோரமாகவே கீழே நடந்தோம். ரெண்டு வளைவு தாண்டினால், ஆற்றில் வண்டி இறங்குகிற மாதிரி ஒரு சரிவு இருக்கிறது. அங்கே முழங்கால் தண்ணீரில் எங்கள் மாடு நிற்கிறது. என் புருசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளி வாளியாக மோந்து பீப்பாய்க்குள் ஊற்றிக்கொண்டிருக்கிறார். வாயில் பாட்டு வேறு!

"ஏட்டி ஆவுடை, நீ எங்கன இங்க?"

"நீரு எங்கன இங்க? அருவி அங்கனல்லா விழுது!"

"சீசன்ல அங்கன வண்டிய விடுவானா? போலீஸ்காரன் கம்பால மாட்டத் தட்டுதான். ஆனி பொறந்ததுலேருந்து இங்கனதான் பிடிக்கேன். அதுக்கென்ன இப்போ? அங்கன விழுத தண்ணிதானட்டி இங்கன வருது. இதென்ன வேற ஆத்துத் தண்ணியா?"

முகத்தில் ஒரு கள்ளம் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதே தண்ணீர்தானே! அருவித் தண்ணீர் ரெண்டு வளைவு ஓடி வந்தால் அருவித் தண்ணீர் இல்லாமல் போய்விடுமா? நான் ஜெயித்தேன் என்று சொல்ல இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினேன். அவர் கையை நீட்டிக் காட்டினார்.

கரை மேல் வரிசையாகத் தென்னந்தட்டி வைத்து மறைப்புக் கட்டியிருந்தது. சீசனுக்கு வருகிற சனத்துக்காக எவனோ ஒரு லாட்ஜுக்காரன் போட்ட கக்கூஸ். பதினைந்து இருபது இருக்கும். அதிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டிருக்கிறான். அது நேரே வந்து ஆற்றில் இறங்குகிறது. எங்கள் வண்டி நிற்கிற இடத்துக்குப் பத்தடி மேலே. மறைப்பில் இடம் கிடைக்காதவர்கள் கையில் செம்போடு பாறை பாறையாகத் தேடிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"காய்ச்சக்காரன் ஒருத்தன் வந்து போயிருப்பான்மா" என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் ஜெயித்த தோரணையே இல்லை. "அவன் வயித்துல இருக்க கிருமி இது வழியா ஆத்துக்கு வரும். ஆத்துலேருந்து பீப்பாய்க்கு, பீப்பாயிலேருந்து கொடத்துக்கு, கொடத்துலேருந்து பிள்ளைங்க வாய்க்கு. கண்ணுக்குத் தெரியாது, நாத்தம் அடிக்காது, ருசியும் மாறாது. நல்லா ஒரு கொதி வந்தா செத்துப் போகும். அவ்வளவுதான். அதைத்தான் ஒரு மாசமாத் தொண்டை கிழியச் சொல்லுதேன்."

"அப்ப எங்களுக்கு ஏன் வரல?" என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

"சின்னப் பிள்ளையில எப்பவாவது மூணு வாரம், நாலு வாரம் காய்ச்சல்ல கெடந்தீங்களா?"

கிடந்தேன். பத்து வயதில். பிழைத்து எழுந்தபோது தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டிப் போயிற்று. என் புருசனும் கல்யாணத்துக்கு முந்தின வருசம் அப்படித்தான் கிடந்தார். ஒரு தடவை வந்து பிழைத்தவர்களுக்கு மறுபடி வருவது அபூர்வம் என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்போதுதான் எனக்குப் பேராச்சி ஞாபகம் வந்தது. பாவி நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? அவள் படுத்த நாளிலிருந்து, வண்டி வந்ததும் வேறு யாருக்கும் ஊற்றும் முன்னால், முதல் செம்பை நான்தான் எடுத்துக்கொண்டு போவேன். தலையை நிமிர்த்தி மடியில் வைத்து, "மருந்துத் தண்ணிடா என் தங்கம், குடி" என்று என் கையாலேயே புகட்டுவேன். அன்றைக்குக் காலையிலும் முந்தின நாள் தண்ணீரைப் புகட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

"ஆவுடைத்தாயம்மா" என்றார் இன்ஸ்பெக்டர் திடீரென்று, "இன்னைக்குக் கொடைக்குத் தண்ணி எது?"

ஐயோ, பானக்காரம்! நேற்றே ரெண்டு நடை தண்ணீர் கோயில் தொட்டியில் ஊற்றியாயிற்று. கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டுப் பெரிய அண்டா நிறையப் பானக்காரம் கரைப்பார்கள். காய்ச்சுகிற பழக்கமே கிடையாது, பச்சைத் தண்ணீர்தான். மதியக் கொடை முடிந்ததும் குழந்தை குட்டியிலிருந்து கிழடு கட்டை வரை எல்லார் கையிலும் ஊற்றுவார்கள். இலஞ்சியிலிருந்தும் சிவகிரியிலிருந்தும் சொந்தபந்தமெல்லாம் வந்திருக்கிறது. முந்நூறு பேர் குடிப்பார்கள்! குடித்துவிட்டு அவரவர் ஊருக்குப் போவார்கள்!

"மணி என்ன?"

"பதினொண்ணே கால்."

பீப்பாயைக் கவிழ்த்துவிட்டு வாரும் என்று புருசனிடம் சொல்லிவிட்டு ஓடினேன். பஸ் ஒன்றும் நிற்கவில்லை. ரெண்டு பஸ் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போயிற்று. மூன்றாவதாகப் புளியறையிலிருந்து பலாப்பழம் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. நான் நடு ரோட்டில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றேன். டிரைவர் பரீது என்று பிறகு தெரிந்தது. பிரேக் போட்டுவிட்டு என் பரம்பரையையே ஏசினார். நான் பதிலுக்கு ஒன்றும் ஏசவில்லை. அவசரத்துக்கு வாய் வரவில்லை, வேறொன்றும் இல்லை! இன்ஸ்பெக்டர் ஓடி வந்து ரெண்டு வார்த்தை சொன்னதும், "ஏறுங்க, ஏறுங்க" என்றார். முன்னால் இடம் இல்லை. பலாப்பழத்துக்கு மேல் ஏறி உட்கார்ந்தோம், முள் குத்தக் குத்த. மழை முகத்தில் அறைந்தது. கொண்டை அவிழ்ந்து முடி பறந்தது. குங்குமம் கரைந்து மூக்கு வரை இறங்கியது. நான் ஒன்றையும் கவனிக்கவில்லை. இன்னும் வேகமா, இன்னும் வேகமா என்று கூரையைத் தட்டிக்கொண்டே வந்தேன்.

தெருமுனையில் குதித்தபோது மேளம் உச்சத்தில் இருந்தது. நையாண்டி மேளக்காரர்கள் கோயிலே பிளந்துவிடுகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தார்கள். சனத்துக்கு நடுவே அண்டா. அதன் பக்கத்தில் கோயில் நிர்வாகம் பார்க்கிற சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி அகப்பையோடு நிற்கிறார். பிள்ளைகள் எல்லாம் முன்வரிசையில் கையைக் குவித்து நீட்டிக்கொண்டு நிற்கின்றன. நான் கத்தினேன். "அண்ணாச்சி, ஊத்தாதீங்க! ஊத்தாதீங்க!" மேளச் சத்தத்தில் ஈ காதில்கூட அது விழுந்திருக்காது. தள்ளிக்கொண்டு, இடித்துக்கொண்டு, யார் காலையோ மிதித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தேன். அண்ணாச்சி அகப்பையை முக்கி எடுத்து முதல் பிள்ளை கைக்கு நேரே கொண்டு போய்விட்டார்.

அகப்பையைத் தட்டிவிட்டேன். அண்டாவில் காலை வைத்து ஓங்கி ஒரு உதை விட்டேன். அண்டா சாய்ந்து உருண்டது. பானக்காரம் அத்தனையும் பந்தல் முழுக்க ஓடியது. மேளம் நின்றது.

அம்மன் பானக்காரத்தைக் காலால் உதைத்திருக்கிறேன்! அண்ணாச்சியின் கை ஓங்கியது. செத்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. யாரோ ஒரு பெண், "ஆத்தா வந்துட்டா!" என்று கத்தினாள். உடனே நாலா பக்கமும் குலவை. கண்ணைத் திறந்தால் அண்ணாச்சி கைகூப்பிக்கொண்டு நிற்கிறார்! அவிழ்ந்த தலையும், நனைந்த சேலையும், வழிகிற குங்குமமும், மூச்சு இரைப்பும். எனக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். யாரோ கையில் வேப்பிலையைத் திணித்தார்கள், யாரோ திருநீற்றை நெற்றியில் அப்பினார்கள்.

"தாயே, என்ன குறை வச்சோம்? சொல்லு தாயே" என்றார் அண்ணாச்சி.

"தண்ணியக் காச்சுங்கலே!" என்று கத்தினேன். நடிக்கவில்லை. எனக்கு இருந்த ஆத்திரம் அது. "வண்டித் தண்ணியப் பச்சையாக் குடிக்காதீங்க! கொதிக்க வச்சுக் குடிங்க! பிள்ளைகளுக்குக் காச்சிக் குடுங்க!"

"காச்சுதோம் தாயே!" என்று முந்நூறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஒரு மாசமாக அந்த மனுசன் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னதை ஒருத்தரும் கேட்கவில்லை. இதோ, ஒரு நொடியில் கேட்டுவிட்டார்கள்! இன்ஸ்பெக்டர் பந்தல் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். விட்டுவிடாதே என்கிறார். எனக்குப் புரிந்தது. உடம்பெல்லாம் புல்லரித்தது. இப்போது நான் என்ன சொன்னாலும் நடக்கும்.

"மாடத்தி எங்கலே?" என்றேன். "பேராச்சிய இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லுங்க! ஒரு நிமிசம் தாமசிக்கக் கூடாது!"

கூட்டம் வழிவிட்டது. மாடத்தி ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டு விழுந்தாள். பதினொரு ராத்திரி தூங்காத முகம். என் வயதுக்காரி, ஐந்து வயது மூத்தவள் மாதிரி ஆகிப்போயிருந்தாள். "கொண்டு போறேன் ஆத்தா, இப்பவே கொண்டு போறேன்" என்றாள். நான் பெருமூச்சு விட்டேன். முடிந்தது, பிள்ளை பிழைத்தது என்று நினைத்தேன்.

அவள் காலை விடவில்லை. "ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு ஆத்தா. என் பிள்ளைய ஏன் பிடிச்சே? போன வருசம் ஒனக்கு மாவிளக்கு எடுக்காம விட்டேனே, அதுக்கா? என் வீட்டுக்காரரு செத்த துக்கத்துல மறந்துட்டேன் ஆத்தா. நான் செஞ்ச தப்புக்கு என்னப் பிடிச்சிருக்கக் கூடாதா? நான் பெத்ததால தானே இந்தப் பாடு படுதா என் மக?"

தலையைத் தரையில் முட்டினாள். ஈர மண்ணில் ணங்கென்று சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்ற பெண்கள், "ஆமா தாயே, மாவிளக்கு எடுக்கலதான், மன்னிச்சுரு" என்றார்கள். அப்படியானால் பதினொரு நாளாக அவளிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

நான் "ஆமா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மன்னித்தேன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகும், தெரு வெந்நீர் குடிக்கும், எங்கள் வண்டியும் ஓடும். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் நான் அம்மன் இல்லை. அப்புறம் யார் என் பேச்சைக் கேட்பார்கள்? இவள் மறுபடி கதவைச் சாத்திக்கொண்டால் என்ன செய்வேன்? இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் என் காலடியில் ஒருத்தி தன் பிள்ளையைத் தானே தின்றதாக நினைத்து மண்ணில் முட்டுகிறாள். அதைப் பார்த்துக்கொண்டு அம்மனாக நிற்க என்னால் முடியவில்லை.

வேப்பிலையைக் கீழே போட்டேன். அவளைத் தோளைப் பிடித்துத் தூக்கினேன்.

"எந்திட்டி மாடத்தி. ஒன் மேல ஒரு தப்பும் இல்ல. நான் ஆத்தா இல்லட்டி, ஆவுடை. என் வீட்டுக்காரரு கொண்டு வந்த தண்ணிதான் எல்லாத்துக்கும் காரணம். குத்தாலத்துல கக்கூஸ் தண்ணி கலக்குத எடத்துக்குக் கீழ பிடிச்சிருக்காரு. அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. இப்பத்தான் என் கண்ணால பாத்துட்டு வாரேன். அந்தத் தண்ணியத்தான் ஒன் மகளுக்கு மருந்துன்னு நான் குடுத்தேன்."

அண்ணாச்சி, "அப்போ அம்மன் அண்டாவ மிதிச்சது நீயாட்டி?" என்று பாய்ந்தார். நாலு பேர் அவரோடு பாய்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஓடி வந்து நடுவில் நின்றார். அவர் சட்டைப் பையைக் கிழித்துவிட்டார்கள். மாடத்தி எல்லாரையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு என் முகத்துக்கு நேரே வந்தாள்.

"எத்தன நாளு குடுத்த?"

"காய்ச்சல் வந்த பொறவு பதினொரு நாளும். அதுக்கு முந்தியும் நீங்க குடிச்சது அந்தத் தண்ணிதான்."

பளாரென்று ஒரு அறை. காதில் வண்டு ரீங்காரம் போட்டது. நான் அசையவில்லை. இன்னொன்றும் அறைந்தாள். அதற்கும் நின்றேன். அவள் திரும்பி, கோயிலுக்கு எதிரேயே இருக்கிற தன் வீட்டுக்குள் ஓடினாள். கதவைச் சாத்தப் போகிறாள் என்று என் உயிர் துடித்தது. கதவைச் சாத்தவில்லை. பழந்துணியில் சுற்றிய பேராச்சியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பத்தடி நடந்தாள், கால் பின்னியது. நேரே என்னிடம் வந்து பிள்ளையை என் கையில் வைத்தாள்.

"நீ தூக்குட்டி. என் காலு ரெண்டும் ஓட மாட்டேங்குது. நீ ஓடு."

ஓடினேன். அம்மா, என்ன ஓட்டம்! அனலாகக் கொதிக்கிற பிள்ளை, தோளில் எடையே இல்லை. சேற்றிலும் மழையிலும் மார்க்கெட் வழியாக ஓடினேன். "வழிய விடுங்கலே, வழிய விடுங்கலே!" என்று கத்தியதில் காய்கறிக்காரர்கள் கூடையோடு ஒதுங்கினார்கள். இன்ஸ்பெக்டர் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு முன்னால் போனார். மாடத்தி என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்தாள்.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், இமையைத் தூக்கிப் பார்த்தார். நர்ஸிடம் என்னவோ சொல்லிக் குளிகையைக் கொண்டு வரச் சொன்னார். "நல்ல வேளை, இன்னைக்காவது கொண்டு வந்தீங்க. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா குடல் ஓட்டையாயிருக்கும்" என்றார். பிறகு எழுதுகிற அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தார்.

"பிள்ளைக்கு எந்தத் தண்ணி குடுத்தீங்க? யாரு குடுத்தது?"

நான் வாயைத் திறந்தேன். கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மாடத்தி என்னை முந்திக்கொண்டாள்.

"வண்டித் தண்ணி, சார். இவளும் குடுத்தா, நானும் குடுத்தேன். எங்க தெருவே அதைத்தான் குடிச்சுது. ஒருத்தருக்கும் தெரியாது சார்."

டாக்டர் எழுதிக்கொண்டார். நான் அந்த வார்டிலேயே சுவரோரமாக உட்கார்ந்து, பேராச்சி முழித்து "அத்தை, ஏன் அழுத?" என்று கேட்கிற வரைக்கும் ஓவென்று அழுதேன்.